ஜெபத்தில் கொடுத்த சாவி

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் தாசம்மாளுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. அந்தத் தெருவில் போய் தாசம்மாள் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஞானசிகாமணி சாரின் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டு இறக்கிவிடுவான். ஞானசிகாமணி அந்த வீட்டுக்கு ஒரு செங்கல் வாங்கிப் போட்டவன் இல்லை. வாடகைக்கு ஆள் பிடித்து வைத்து, வாடகையை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புகிற ஏஜென்ட். அவ்வளவுதான் அவன். ஆனால் எட்டு வருஷமாகச் சாவி அவனிடம் இருக்கிறது. பத்திரத்தைப் பார்த்தா ஊர் மரியாதை கொடுக்கிறது? சாவி வைத்திருக்கிறவனைப் பார்த்துத்தான் கொடுக்கிறது.

தாசம்மாளின் ஊர் உச்சக்கடைக்குப் பக்கம். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ரோடு போட நிலம் எடுத்தபோது, அவளுடைய அப்பன் அவள் பெயருக்கு எழுதி வைத்திருந்த தென்னந்தோப்பும் போயிற்று. கிடைத்த பணத்தை பாங்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார் அவளுடைய கணவர் வேதமாணிக்கம். தாசம்மாள் கேட்கவில்லை. மண் போனதற்கு மண்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, குடும்பத்தோடு துபாய்க்குப் போகிற ஒருவரிடமிருந்து இந்த வீட்டை வாங்கினாள். கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். கூப்பிடு தூரத்தில் ஐடி பார்க். வாடகைக்கு ஆள் கிடைப்பதா கஷ்டம்?

கஷ்டம் என்று வேதமாணிக்கத்தை நம்பவைத்தவன் ஞானசிகாமணி. அவர்களுடைய உச்சக்கடைச் சபையின் செயலாளர் அவன்; வீடு உச்சக்கடையில், ஆபீஸ் கழக்கூட்டத்தில். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், பக்கத்தில் வந்தால் மூக்கில் ஏறுகிற சென்ட். வீடு வாங்கிய புதிதில் நடந்த பிரதிஷ்டை ஜெபத்தில், "அண்ணா, இவ்வளவு தூரம் நீங்க பஸ் ஏறி வந்து பாத்துக்கிட முடியுமா, கொண்டாருங்க, நான் பாத்துக்கிடுகேன்" என்றான். வேதமாணிக்கம் சாவிக்கொத்தை பைபிளின் மேல் வைத்தார். சபைப் போதகரை மலையாள வழக்கப்படி அச்சன் என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். அச்சன் ஜெபம் செய்து, சாவியை எடுத்து ஞானசிகாமணியிடம் கொடுத்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பேப்பர் ஒன்றும் எழுதவில்லை. "ஆண்டவரே சாட்சி இருக்கும்போ முத்திரைப் பேப்பர் எதுக்கு அண்ணா" என்று சிரித்தான் ஞானசிகாமணி. ஆண்டவர் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறமாட்டார் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வேதமாணிக்கம் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க வால்வைத் திறந்து மூடினார். வாயைத் திறந்தது குறைவு. தாசம்மாள் ஏத்தன் என்கிற நேந்திர வாழை பயிர் செய்கிறவள். வயலைக் குத்தகைக்கு எடுத்து, குலை வெட்டி, தானே சந்தைக்குக் கொண்டுபோய் வியாபாரியிடம் வாய்கொடுத்து விற்றுவிட்டு வருகிறவள். அப்படிப்பட்டவள் இந்த வீட்டு விஷயத்தில் மட்டும் எட்டு வருஷம் எப்படிச் சும்மா இருந்தாள் என்று கேட்டால், வாழைக்கு ஓடவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு, புருஷன் ஜெபத்தில் வைத்துக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது என்கிற கூச்சமும் இருந்தது. கூச்சம் என்பது நல்லவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி.

அவளுடைய மகள் ஆர்ஷா அதே ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறாள். போன வருஷம், அபின் என்கிற தன் புருஷனை விட்டு வந்துவிட்டாள். அபின் குடிக்கிறவனும் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. அவளுடைய சம்பளத்தையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, தன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பான். எங்கே போனாய், யாரிடம் பேசினாய், ஏன் சிரித்தாய் என்பதற்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்த அன்று, வேதமாணிக்கம் முதலில் கேட்டது, "சபையில என்னத்த சொல்லுகது" என்று.

ஆர்ஷா கழக்கூட்டத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். ஹாஸ்டலில் குழந்தையைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் குழந்தை ஷாலு உச்சக்கடையில். வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா வருவாள், ஞாயிறு சாயங்காலம் போவாள். ஆரம்பத்தில் ஷாலு பஸ் ஸ்டாப்பில் அழுத அழுகை ஜங்ஷன் முழுக்கக் கேட்கும். பிறகு அழுகை குறைந்தது. இப்போது ஆர்ஷா பையைத் தோளில் மாட்டினால், குழந்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். அழுததைவிட இதுதான் தாசம்மாளுக்குப் பயமாக இருந்தது.

ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்குகிற சமயத்தில் கழக்கூட்டத்து வீட்டின் கீழ்ப்பகுதி காலியானது. அதைத் தாசம்மாளிடம் ஞானசிகாமணி சொல்லவில்லை. ஆர்ஷாதான் அந்த வழியாகப் போகும்போது பார்த்துவிட்டு, இரண்டு நாள் லீவு போட்டு வந்து சொன்னாள். தாசம்மாள் அப்போது வயலில் இருந்தாள். காற்று ஆரம்பித்துவிட்டது, குலை தள்ளிய வாழைக்கெல்லாம் முட்டு கொடுத்துக் கட்ட வேண்டும். சேற்றில் கம்பை ஊன்றி அவள் பிடிக்க, ஆர்ஷா கயிற்றைச் சுற்றினாள்.

"கீழ வீடு காலியாக்கும் அம்மா. ஷாலுவ அங்க கூட்டிட்டுப் போயிரலாம். ஆபீஸ் பக்கத்துல ப்ளே ஸ்கூல் உண்டு. நான் அங்கிளுக்கு போன் பண்ணினேன்."

"என்ன சொன்னான்?"

"ஃபேமிலிக்கு மட்டும்தான் கொடுக்கிறதுன்னு சொன்னாரு."

தாசம்மாள் கம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வாழை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பின்னே நீ ஆரு? நீயும் ஒனக்க பிள்ளையும் என்ன, ரெண்டு தென்னம்பிள்ளையா?"

"ஹஸ்பண்ட் கூட இருந்தாத்தான் ஃபேமிலியாம்."

"எனக்க வீட்டுல எனக்க மக இருக்கதுக்கு அவன் ஆருட்டி சட்டம் பறைய? கயித்த நல்லா இழுத்துக் கட்டு. நாளைக்குக் காலைல போவோம்."

மறுநாள் இரண்டு பஸ் மாறி, பைபாஸில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, நனைந்த சேலையோடு தாசம்மாள் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கேட்டில் புதிதாக ஒரு பூட்டு. மாடியில் குடியிருக்கும் அனில் என்ற பையன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"வேலைக்கு வந்ந சேச்சியா?"

"இல்ல. வீட்டப் பாக்க."

"ஓனர் சார் பறஞ்ஞிட்டுண்டு, ஆளு வந்தா உள்ளே விடண்டா எந்நு."

ஓனர் சொல்லியிருக்கிறாராம், ஆள் வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று. ஆர்ஷா கோபத்தில் மலையாளத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாசம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பையனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் யாரைப் பார்த்தானோ அவரை ஓனர் என்கிறான். எட்டு வருஷமாக ஒரு பண்டிகைக்குக்கூட இந்த வாசலில் வந்து நிற்காத தன்னை அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். மதிலுக்கு மேலாக எட்டி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூடத்தின் நடுவில் பிளைவுட் பலகையடித்து இரண்டாகத் தடுத்திருந்தது. யாரைக் கேட்டுத் தடுத்தான் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஞானசிகாமணியின் ஆபீஸ் ஹைவே ஓரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே. வாசலில் புறாவும் சாவியும் வரைந்த போர்டு. புறாவின் வாயில் ஒலிவ இலை இருக்க வேண்டிய இடத்தில் சாவி இருந்தது. அதை வரையச் சொன்னவனுக்கு வெட்கமில்லை; வரைந்தவனுக்குக் கூலி கிடைத்திருக்கும்.

"மைனி, எதுக்கு இந்த மழையில இவ்வளவு தூரம்? அண்ணன்கிட்ட சொன்னா ஒரு போன் போடமாட்டாரா" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்தான். கீழே பேக்கரிக்கு போன் செய்து மூன்று சாயா சொன்னான். மரியாதைக்கு அவனிடம் குறைச்சலே கிடையாது.

"கீழ் வீடு காலியாயிட்டு, சொல்லல்லியே."

"அது ஒரு பார்ட்டிக்கு வாக்கு குடுத்தாச்சு மைனி. நல்ல பார்ட்டி. ஒண்ணாந்தேதி வருவாங்க."

"ஆர்ஷாவும் பிள்ளையும் வாறாங்க அங்க. அந்தப் பார்ட்டிய வேற வீட்டுக்கு அனுப்பு தம்பி."

ஞானசிகாமணி ஆர்ஷாவைப் பார்த்துச் சிரித்தான். குழந்தைக்கு ஊசி போடுவதற்கு முன் டாக்டர் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு.

"மோளே, நீ எனக்கு சொந்தப் பிள்ளை போல. அதுகொண்டாக்கும் சொல்லுகேன். மேல பேச்சிலர் பயக்க. கீழ நீ ஒற்றைக்கு. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா ஆருக்கு நாணக்கேடு? அப்பாவுக்கு. சபைக்கு. நீ அபினோட ஒண்ணு சேரு. சேருக அன்னைக்கு நானே சாவிய கொண்டு வந்து ஒங்க ரெண்டுபேரு கையிலயும் தாரேன்."

"அங்கிள், அது எங்க அம்மாவுக்க வீடு" என்றாள் ஆர்ஷா.

"ஆருக்க வீடா இருந்தா என்ன மக்களே, குடும்பத் தலைவன்னு ஒருத்தர் இருக்காருல்லியா. மைனி, நீங்க போங்க. நான் அண்ணன்கிட்ட பேசிக்கிடுகேன்."

தாசம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் நல்ல குலையை அழுகின குலை என்று சொல்லி விலை குறைக்கப் பார்க்கிற வியாபாரியிடம்கூட அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவன் திருடன், தன்னைத் திருடன் என்று தெரிந்தவன். இவனுக்குத் தான் யாரென்றே தெரியவில்லை. சொந்தப் பேத்தியைச் சொந்த வீட்டில் சேர்க்க, வாடகை புரோக்கரிடம் வந்து கல்யாணச் சர்ட்டிபிகேட் காட்ட வேண்டுமா? சாயா வந்தது. அவள் தொடவில்லை. அது ஆறி ஆடை படிந்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் வேதமாணிக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் பஸ் ஏறுவதற்குள் ஞானசிகாமணியின் போன் அவருக்கு வந்திருந்தது.

"அவன் சொல்லுகதுலயும் ஒரு காரியம் உண்டு கேட்டியா" என்று ஆரம்பித்தார்.

"என்ன காரியம்?"

"இல்ல... பிள்ளை ஒற்றைக்கு. மேல பயக்க."

"அந்தப் பயக்களக் கொண்டு வச்சது ஆரு? அவனல்லியா? அவன் வச்ச ஆளுக்கு எனக்க மக பயப்படணுமா? அவனுவள மாத்தச் சொல்லுங்க."

"மெதுவா பேசு. பக்கத்துல ராஜமணி வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். நாளைக்கு நீங்க போன் போட்டுச் சொல்லுங்க. ஏஜென்ட் வேலை போதும், சாவிய தாங்கன்னு. ரெண்டு வாக்கு. ஒங்களால முடியுமா, முடியாதா?"

வேதமாணிக்கம் பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"அடுத்த மாசம் சபைக் கமிட்டிக்கு பேரு எடுக்குகாவ. எனக்க பேரையும் சேத்திருக்கான் ஞானசிகாமணி."

இதுதான் விஷயம். அறுபத்திரண்டு வயதில், மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வருவதற்காக அந்த மனிதர் மகளை ஹாஸ்டலிலும் பேத்தியை முற்றத்திலும் விட்டு வைக்கத் தயாராக இருந்தார். தாசம்மாளுக்கு அந்த நிமிஷம் ஞானசிகாமணியின் மேல் இருந்த கோபம் பாதி குறைந்துபோயிற்று. அது இடம் மாறி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

"அப்பம் நான் சொல்லுகேன்."

"சாடாதே. நான் ஒரு வழி சொல்லுகேன். ஜெபத்துல குடுத்த சாவி, ஜெபத்துலதான் திரும்ப வாங்கணும். சனிக்கிழமை இஞ்ச வீட்டுல காட்டேஜ் பிரேயர் வைப்போம். அவனையும் விளிப்போம். நான் ஜெபத்துல பறையுகேன்."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சபையில் இது நடக்கிற காரியம்தான். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே ஜெபத்தில் வைத்துச் சொல்வார்கள். பெண் கொடுக்க இஷ்டமில்லை என்பதை, கைமாற்றுத் தர முடியாது என்பதை, உன் மகன் என் மதிலில் மூத்திரம் பெய்கிறான் என்பதை. எல்லோருடைய கண்ணும் மூடியிருப்பதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டால் அந்தக் காரியம் தீர்ந்தது. திரும்ப எடுக்கக் கூடாது. இரண்டு வருஷம் முன்பு பக்கத்து வீட்டுக்காரி ராஜமணியின் ஆடு, ஞானசிகாமணியின் மனைவி பிரேமா வைத்திருந்த கீரையைத் தின்றுவிட்டது. அடுத்து நடந்த வீட்டு ஜெபத்திலேயே, இந்தச் சகோதரி மனமுவந்து அந்த ஆட்டைச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கக் கிருபை செய்யும் என்று ஞானசிகாமணி வேண்டிக்கொண்டான். நாள் முழுக்க முந்திரி ஆபீஸில் பருப்பு தோலுரித்த களைப்பில் தூங்கி வழிந்த ராஜமணி எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டாள். ஆடு போயிற்று. அழுதாள், கேட்டுப் பார்த்தாள். "ஆமென் சொன்னா சொன்னதாக்கும் அக்கா, அது மனுஷன்கிட்ட சொன்னதில்லியே" என்றுவிட்டான் செயலாளர்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஒரே மழை. ஆர்ஷாவும் தாசம்மாளும் அச்சு முறுக்கு சுட்டார்கள், ஏத்தங்காய் உப்பேரி வறுத்தார்கள். எட்டு வருஷம் தின்றவனுக்கு இன்னும் ஒரு தட்டு என்று தாசம்மாள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு ஆட்கள் வந்தார்கள்: அச்சன், ஞானசிகாமணி, பிரேமா, பக்கத்து வீட்டு ராஜமணி, சபைப் பெண்கள் நாலைந்து பேர். பாய் விரித்திருந்தது. ஞானசிகாமணி காரை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தி, குடைகூடப் பிடிக்காமல் உலர்ந்த சட்டையோடு ஏறி வந்தான்.

பாட்டு முடிந்தது. வசனம் வாசித்தார்கள். வேதமாணிக்கம் முழங்காலில் நின்று தொண்டையைச் செருமினார். ஆர்ஷா, தூங்கிவிட்ட ஷாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே, இந்தச் சாயங்கால வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றான் ஞானசிகாமணி. அது அவன் பழக்கம். யார் ஜெபித்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முதல் ஆமென் அவனுடையதுதான். கண்ணை இறுக்கி மூடி, தலையை ஆட்டி, வயிற்றிலிருந்து எடுத்து விடுவான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். அதனால் சபையில் அவனுக்கு நல்ல ஆவிக்குரியவன், பெரிய பக்திமான் என்று பெயர்.

வேதமாணிக்கம் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். எல்லையில் நிற்கிற ஜவான்களுக்காக, கடலுக்குப் போகிறவர்களுக்காக, ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களுக்காக ஜெபித்தார். தாசம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் கழக்கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

"கழக்கூட்டத்தில் நீர் எங்களுக்குத் தந்த வீட்டை... அந்த வீட்டை... உமது சித்தப்படி... அதைப் பராமரிக்கிற அருமைச் சகோதரனுக்காக உமக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆமென்."

முடிந்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்த வேண்டியவனுக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டார் மனிதர். வால்வைத் திறக்கப் போய் மூடிவிட்டு வந்தார். அடுத்தது ஞானசிகாமணி. அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. ஊரில் இந்த வித்தையைப் பெரிதாக வளர்த்தவனே அவன்தானே.

"ஆண்டவரே, இந்தக் குடும்பம் உமது ஊழியனை நம்பி ஒப்புவித்த பொறுப்பைக் கடைசிவரை காக்க எனக்குக் கிருபை தாரும். முறுமுறுக்கிற உதடுகளுக்குப் பொறுமையைத் தாரும். உடைந்துபோன அந்த மகளின் குடும்பத்தைச் சேர்த்துக் கட்டும். அவள் தன் புருஷனுக்குக் கீழ்ப்படிந்து திரும்பிப் போகிற நாள்மட்டும், அவள் இருக்கிற இடத்திலேயே அவளைப் பத்திரமாய்க் காத்துக்கொள்ளும்."

அச்சன் ஆமென் சொன்னார். பெண்கள் சொன்னார்கள். வேதமாணிக்கமும் சொன்னார், சின்னக் குரலில். அடுக்களை வாசலில் ஆர்ஷா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் விளையாடுகிற ஷாலுவின் முகம் போலவே இருந்தது அவள் முகம். தாசம்மாள் அதைப் பார்த்தாள். அச்சன் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார்.

"அச்சா, நானும் ஒண்ணு ஜெபிக்கணும்" என்றாள் தாசம்மாள்.

அவள் இதுவரை நாலு பேர் முன்னால் ஜெபித்ததில்லை. அச்சன் தலையசைத்தார். எல்லோரும் மறுபடி கண்ணை மூடினார்கள். தாசம்மாள் மூடவில்லை. பாயில் நேர் எதிரே முழங்காலில் நின்ற ஞானசிகாமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கர்த்தாவே, இவியளுக்க பாஷை எனக்குத் தெரியாது. நான் பேசுகத நீரு மனசிலாக்கிக்கிடும்."

"ஆமென்" என்றான் ஞானசிகாமணி, கொஞ்சம் இரக்கத்தோடு.

"அந்த வீடு எனக்க அப்பன் தந்த மண்ணு போன பைசாவுல நான் வாங்கினதாக்கும். அது ஒமக்குத் தெரியும்."

"ஆமென்."

"இத்தன வருஷமா ஞானசிகாமணி அத பாத்துக்கிட்டான். அதுக்கு ஒமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்." இது இன்னும் பலமாக வந்தது. மூடிய கண்ணோடு அவன் தலை தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"எனக்க மகளுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணா படுத்து எழும்ப ஒரு இடம் வேணும்."

"ஆமென்."

"அதுகொண்டு ஞானசிகாமணிக்க ஏஜென்ட் வேலை இன்னையோட தீந்துது. அந்த வீட்டுச் சாவிய இப்பம், இஞ்ச வச்சே, அவன் எனக்க கையில தரணும். இயேசுவுக்க நாமத்துல கேக்குகேன்."

"ஆமென்" என்றான் ஞானசிகாமணி, வயிற்றிலிருந்து.

பின்னாலேயே அச்சன், பெண்கள், பிரேமா எல்லோரும் சொன்னார்கள். ராஜமணியின் ஆமென் கடைசியாக, தனியாக, ரொம்பத் தெளிவாக வந்தது. அவள் அன்று தூங்கவில்லை.

ஞானசிகாமணி கண்ணைத் திறந்தான். எதிரே தாசம்மாளின் கை நீண்டிருந்தது. சுண்டுவிரலில் வாழைக்கறை. தான் எதற்கு ஆமென் சொன்னோம் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"மைனி, ஜெபத்துல இப்பிடி லௌகீகக் காரியம் பறையப்பிடாது. நாம பெறவு பேசலாம். அண்ணா, நீங்க சொல்லுங்க."

அண்ணன் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார். அச்சன் பைபிளைத் திறந்து எதையோ தேடினார். அந்தச் சமயத்தில் அவருக்கு வேண்டிய வசனம் அகப்படவே இல்லை. ராஜமணிதான் பேசினாள்.

"எனக்க ஆட்டுக் காரியம் ஓர்மை உண்டா? ஆமென் சொன்னா சொன்னதாக்கும்னு அன்னைக்கு நீருதானே பறஞ்சீரு. எனக்கு ஒரு நியாயம், செயலாளருக்கு ஒரு நியாயமா? அச்சன் சொல்லட்டும்."

அச்சன் தொண்டையைச் செருமினார். "சொல்லியாச்சே ஞானசிகாமணி" என்றார், பைபிளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சாவி காருல இருக்கு."

"மழையாக்கும். குடை தாரேன், போயி எடுத்துட்டு வாரும்" என்றாள் தாசம்மாள். தம்பி என்பது போய் வாரும் வந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த, கம்பி ஒடிந்த குடையை எடுத்து நீட்டினாள்.

காற்றோடு வலுத்துவிட்ட மழையில் அவன் காரைத் திறந்து துழாவிவிட்டு வந்தான். குடை ஒரு பக்கம் தொங்கியதில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கேட், கீழ் வீடு, மேல் வீடு எல்லாம் ஒரே கொத்தாக அவள் கையில் போட்டான்.

"ஒண்ணாந்தேதி வருகவங்களுக்கு நான் என்ன பதில் பறைய? நான் வாக்கு குடுத்தவனாக்கும்."

"உம்ம வாக்க உம்ம வீட்டுல குடி வையும். மேல இருக்கப் பயக்ககிட்ட நாளைக்கு நானே வந்து ஆருக்க வீடுன்னு சொல்லிக்கிடுகேன். அந்தப் பலகைய மட்டும் ஆளவிட்டு உரிச்சு எடுத்துட்டுப் போயிரும். எனக்க கூடத்துல அது வேண்டாம்."

ஞானசிகாமணி வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். குரலை அடக்கிக்கொண்டான். "புருஷன விட்டுட்டு வந்தவ தனியா இருக்க வீட்டுக்கு ஜெபத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க அண்ணா. கமிட்டிப் பேரு விஷயமும் இனி எனக்க கையில இல்ல."

"ஜெபத்துக்கு வரண்டாம். பால்காரன் வந்தாப் போதும்" என்றாள் தாசம்மாள்.

அச்சன் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். ஞானசிகாமணியும் பிரேமாவும் சாயாவுக்கு நிற்கவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். ராஜமணி இரண்டு அச்சு முறுக்கு கூடுதலாகவே தின்றாள். ஆட்டுக்குப் பதில் முறுக்காவது வரவு வைக்கட்டும் என்று பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். மழை விட்டதும் அவர்களும் போனார்கள்.

பேச்சுச் சத்தத்தில் ஷாலு விழித்துக்கொண்டாள். ஆர்ஷா குழந்தையின் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, நாளைக்கு நாம ரெண்டுபேரும் புது வீட்டுக்குப் போறோம் என்றாள். குழந்தை சாவியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது.

"என்னை அங்க விட்டுட்டு நீ எங்க போவே?" என்று கேட்டது.

ஆர்ஷா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. தாசம்மாள் பாயைச் சுருட்டக் குனிந்தாள். அதன் மறு ஓரத்தில் வேதமாணிக்கம் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார் அவர். "சபையில ஆராவது கேட்டா நான் என்னத்த சொல்லுகது?"

"நீங்க ஒண்ணும் சொல்லண்டாம். கண்ண மூடிக்கிட்டு இருங்க. அதுல ஒங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. இப்பம் பாயில இருந்து எழும்புங்க."